என்.ஐ.சி.யு-வுக்கென்று தனி எக்கோ மிஷின்: வாங்கலாமா?

குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் எங்கள் என்.ஐ.சி.யு-வுக்கென்று (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) தனியாக ஒரு எக்கோ மிஷின் (இதயத்தைப் பார்க்கும் அல்ட்ராசவுண்டு) வாங்கி, அதோடு நன்றாகப் பழகியும் விட்டோம். 'எப்படி இருக்கு மேடம், வாங்கலாமா?' என்று பக்கத்து ஊர்க் குழந்தை மருத்துவர்கள் போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் போடப்போவதில்லை. லேப்டாப் மாதிரி மடித்து, டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற வகை. இந்த வகையைப் பல கம்பெனிகள் விற்கின்றன, நான் சொல்லும் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 30 வாரத்துக்கு முன்பே பிறக்கிற குழந்தைகளை வழக்கமாக வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் வாங்குங்கள். எப்போதாவது ஒரு குழந்தை வந்து, அதையும் மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவீர்கள் என்றால் வேண்டாம், அந்தப் பணத்தை மூச்சுக்கு உதவும் நல்ல சிபேப் மிஷினிலும் ஒரு சிஸ்டரைக் கூடுதலாக வேலைக்கு எடுப்பதிலும் போடுங்கள், குழந்தைக்கு அதுதான் அதிகம் உதவும்.

ஏன் தனி மிஷின், கார்டியாலஜி டிபார்ட்மென்டில்தான் ஒன்று இருக்கிறதே என்று எங்கள் மேனேஜ்மென்டும் கேட்டது. இருந்தது. எக்கோ வேண்டுமென்றால் கார்டியாலஜிஸ்டுக்குப் போன் போடுவோம். அவர் ஓ.பி. முடித்து, கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) முடித்து, ராத்திரி ஒன்பது மணிக்கு வருவார். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்: பி.டி.ஏ. (டக்டஸ் என்ற குழாய் மூடாமல் இருப்பது) 2 மில்லிமீட்டர், இடமிருந்து வலம், சின்ன பி.எஃப்.ஓ. (இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள திறப்பு), இரண்டு வென்ட்ரிக்கிளும் (கீழறைகளும்) நன்றாகச் சுருங்குகின்றன. எல்லாம் சரிதான், ராத்திரி ஒன்பது மணிக்கு. குழந்தை பிறந்தது விடியற்காலையில், பி.பி. இறங்கியது மத்தியானம், நாங்கள் சலைன் கொடுத்ததும் பி.பி.யை ஏற்ற டோபமைன் போட்டதும் அதற்கு நடுவில். அந்த நேரத்தில் இதயம் என்ன பாடுபட்டுக்கொண்டிருந்தது என்று அந்த ரிப்போர்ட் எங்களுக்குச் சொல்லவே முடியாது.

பிறந்த முதல் மூன்று நாள் குறைமாதக் குழந்தையின் இதயம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வயிற்றுக்குள் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை கிடையாது, ஆக்சிஜன் எல்லாம் நஞ்சுக்கொடி வழியாகத்தான் வரும். வலது வென்ட்ரிக்கிள் தள்ளுகிற ரத்தத்தில் பெரும்பகுதி டக்டஸ் என்ற குறுக்குக் குழாயில் புகுந்து நுரையீரலுக்குப் போகாமலே அயோர்டா என்ற பெருந்தமனியில் சேர்ந்துவிடும். தொப்புள்கொடியைக் கட்டியதும் எல்லாம் தலைகீழ். நஞ்சுக்கொடி என்பது ரத்தம் சுலபமாகப் போய்வரும் இடம், அது துண்டிக்கப்பட்டதும் உடம்பின் ரத்தக்குழாய்களில் எதிர்ப்பு ஏறுகிறது, அந்தச் சுமை முழுக்க இடது வென்ட்ரிக்கிள் தலையில் விழுகிறது. ஒன்பது மாதம் நிரம்பிய குழந்தையின் இதயம் இதைச் சமாளித்துவிடும். 26, 27 வாரத்துக் குழந்தைக்கு அது பெரிய சோதனை. தசையில் சுருங்கும் நார் குறைவு, தண்ணீர் அதிகம், சுருங்குவதற்கு வேண்டிய கால்சியத்தைத் தனக்குள்ளேயே சேமித்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இன்னும் முழுதாக வளரவில்லை, அதனால் வெளியே இருக்கும் கால்சியத்தை நம்பித்தான் ஒவ்வொரு துடிப்பும். இப்படிப்பட்ட இதயத்துக்குச் சுமை திடீரென்று ஏறினால் அது தள்ளும் ரத்தத்தின் அளவு குறையத்தானே செய்யும்?

குறைகிறது. ஆனால் பி.பி. காட்டிக்கொடுப்பதில்லை. சிட்னியில் குளுக்கோவும் எவான்ஸும் 2000-ஆம் ஆண்டு வாக்கில் இதைத்தான் அளந்து காட்டினார்கள். டக்டஸ் திறந்திருக்கும்போது இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலுக்கே திரும்பிவிடுவதால் இடது வென்ட்ரிக்கிள் வெளியேற்றும் அளவை வைத்து உடம்புக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட முடியாது. அதனால் தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் திரும்பி வரும் ரத்தத்தை, அதாவது எஸ்.வி.சி. (மேல் பெருஞ்சிரை) ஓட்டத்தை அளந்தார்கள். மிகக் குறைமாதக் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு முதல் 12 மணி நேரத்தில் அது கிலோவுக்கு நிமிடத்துக்கு 40 மில்லிக்கும் கீழே போய், அப்புறம் தானாக மேலே வருகிறது. அப்படி மேலே வரும் நேரத்தில்தான் மூளையில் ரத்தக்கசிவும் நடக்கிறது. பி.பி. பல குழந்தைகளுக்கு அப்போதும் 'நார்மல்'.

இந்த மிஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதன் லாபம் இங்கேதான். ஒரு உதாரணம் சொல்கிறேன், அடையாளம் தெரியாத மாதிரி. 27 வாரக் குழந்தை, ஒரு கிலோவுக்கும் கீழே எடை, மீன் பி.பி. (சராசரி ரத்த அழுத்தம்) 23. எத்தனை வாரமோ அத்தனை மீன் பி.பி. இருந்தால் போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய கணக்கு, அதன்படி இது கம்மி. டியூட்டி டாக்டர் பழக்கதோஷத்தில் கிலோவுக்கு 10 மில்லி சலைனை சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். புரோபை (நெஞ்சில் வைக்கும் ஸ்கேன் முனை) வைத்துப் பார்த்தால் இடது வென்ட்ரிக்கிள் நிறைய ரத்தத்தை வைத்துக்கொண்டு சோம்பலாக அசைகிறது. இன்னும் சலைன் ஏற்றினால் அந்த இதயத்துக்குப் பாரம்தான் கூடும், டோபமைன் போட்டு ரத்தக்குழாயை இறுக்கினாலும் அதே கதை. இதயத்தின் சுருக்கத்தைக் கூட்டும் டோபுடமைன் போட்டோம், சாயங்காலம் மறுபடி பார்த்தபோது சுவர்கள் நன்றாக உள்ளே வந்துபோயின. அதே மாதத்தில் இன்னொரு குழந்தை, அதே 27 வாரம், அதே பி.பி. இதயம் துள்ளித் துள்ளி அடிக்கிறது, பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது, சிறுநீர் போகிறது. ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பி.பி. தானாக ஏறியது. மானிட்டரில் ஒரே நம்பர், இரண்டு குழந்தைக்கும் நேர் எதிரான வைத்தியம்.

சரி, இனி இந்த மிஷினின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கையில் புரோப் இருந்தால் டக்டஸைத் தேடாமல் இருக்க முடியாது, தேடினால் குறைமாதக் குழந்தையில் அது கிடைக்கும், கிடைத்ததும் அதை மூடும் ஐபுபுரூஃபன் மருந்தை எழுதக் கை துறுதுறுக்கும். நிறைமாதக் குழந்தையில் மூன்று நாளுக்குள் சுருங்கி மூடிவிடுகிற குழாய் இது, 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளில் பலருக்கு வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். 1976-இல் இண்டோமெத்தசின் மருந்தால் அதை மூட முடியும் என்று தெரிந்ததிலிருந்து உலகம் முழுக்க எல்லோரும் அதை மூடுவதிலேயே குறியாக இருந்தார்கள். ஆனால் நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க்கில் நடந்த பெனிடக்டஸ் ஆய்வில், 28 வாரத்துக்கு முன் பிறந்து டக்டஸ் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த குழந்தைகளில், மருந்து கொடுக்காமல் காத்திருந்தவர்கள் சீக்கிரமே ஐபுபுரூஃபன் வாங்கியவர்களைவிட மோசமாகிவிடவில்லை. பிரிட்டனின் பேபி ஆஸ்கார் ஆய்வு, 2024-இல் வந்தது, 650-க்கு மேற்பட்ட குழந்தைகளைச் சேர்த்தது, அதிலும் சீக்கிரம் மருந்து கொடுத்ததால் சாவோ நாள்பட்ட நுரையீரல் பாதிப்போ குறையவில்லை. அளவு பெரிது என்பதற்காக மட்டும் மருந்து எழுதுவதற்கு இனி நியாயம் சொல்வது கஷ்டம். கிட்னியும் குடலும் அந்த மருந்துக்கு விலை கொடுக்கின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

எங்கள் யூனிட்டில் இப்போது நடப்பது இதுதான்: பார்க்கிறோம், எழுதி வைக்கிறோம், மறுநாள் மறுபடி பார்க்கிறோம். இடது ஏட்ரியம் (இதயத்தின் இடது மேலறை) அயோர்டாவைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வீங்கியிருக்கிறதா, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் கீழிறங்கும் அயோர்டாவில் ரத்தம் பின்னோக்கிப் போகிறதா, குழந்தையை வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் தவிக்கிறோமா, இவையெல்லாம் சேர்ந்து வந்தால்தான் மருந்தைப் பற்றிய பேச்சே. அதிலும் கிட்னி சரியில்லை, பிளேட்லெட் கம்மி என்றால் பாராசிட்டமால் பக்கம் போகிறோம். மிஷின் வந்ததிலிருந்து எங்கள் யூனிட்டில் ஐபுபுரூஃபன் வாங்குவது குறைந்திருக்கிறது, இதை மெடிக்கல் ஸ்டோர்காரர் சொல்லித்தான் நான் கவனித்தேன்.

டக்டஸைப் பார்ப்பதற்கான கோணம் பழக எல்லோருக்கும் கொஞ்சம் நாளாகும். இடது நெஞ்சில் மேலே, காலர் எலும்புக்குக் கீழே புரோபை நிமிர்த்தி வைத்தால், வலது நுரையீரல் தமனி, இடது நுரையீரல் தமனி, டக்டஸ் மூன்றும் முக்காலியின் கால்கள் மாதிரி கீழே இறங்கும். மூன்று காலும் ஒன்றாகத் தெரிந்தால் டக்டஸ் திறந்திருக்கிறது. கலர் போட்டால் இன்னும் சுலபம்: ரத்தம் அயோர்டாவிலிருந்து நுரையீரலுக்கு வருகிறதா, நுரையீரலில் அழுத்தம் அதிகமாகி எதிர்ப்பக்கம் போகிறதா என்று தெரிந்துவிடும். எதிர்ப்பக்கம் போனால் வலது கை ஆக்சிஜன் சாச்சுரேஷன் நன்றாக இருந்து கால் சாச்சுரேஷன் விழுந்திருக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் இருக்காது.

யாரும் விளம்பரத்தில் சொல்லாத ஒரு உபயோகம், தொப்புள் வழியாகப் போடும் லைன். எக்ஸ்ரேயில் சரியான இடத்தில் இருப்பது போலத் தெரியும் நுனி, எக்கோவில் பார்த்தால் சில சமயம் ஏட்ரியத்துக்குள் நீண்டிருக்கும். அது உறுத்தி உறுத்தி இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் டி.பி.என். (ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கும் ஊட்டச்சத்து) திரவம் சேர்ந்து, நன்றாக இருந்த குழந்தை திடீரென்று சரிந்துபோவது அபூர்வம்தான், ஆனால் நடக்கிறது, அப்போது எக்கோ இல்லாமல் காரணத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் இருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே மிஷின் வார்டுக்குள் நிற்பது நிம்மதி.

இன்னொரு நல்லது பிரசவ அறையில் நடந்தது. கொடியைக் கட்டுவதற்கு 60 விநாடி பொறுங்கள் என்று மகப்பேறு டாக்டரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம், 'குழந்தை டல்லா இருக்கும்மா, நீங்க சீக்கிரம் எடுத்துக்கோங்க' என்பார். நுரையீரல் விரிவதற்கு முன்னாலேயே கொடியைக் கட்டினால் இடது பக்க இதயத்துக்கு வரும் ரத்தம் இரண்டு வழியிலும் நின்றுவிடுகிறது, நஞ்சுக்கொடியிலிருந்தும் வராது, நுரையீரலிலிருந்தும் இன்னும் வந்து சேராது. 2013-இல் மெல்போர்னில் குறைமாத ஆட்டுக்குட்டிகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: மூச்சை முதலில் ஆரம்பித்து, கொடியை அப்புறம் கட்டிய குட்டிகளின் இதயத்துடிப்பும் ரத்த ஓட்டமும் சீராக இருந்தன. 2023-இல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பாய்வு, தாமதமாகக் கட்டினால் குறைமாதக் குழந்தைகளின் சாவே குறைகிறது என்றது. இதையெல்லாம் பேப்பராகக் கொடுத்தபோது அசையாதவர், பிறந்து ஒரு மணி நேரமான குழந்தையின் காலியான இடது வென்ட்ரிக்கிளின் சுவர்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி அடிப்பதைத் திரையில் பார்த்துவிட்டு, அடுத்த சிசேரியனில் தானே கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

இனி குறைகள்.

விற்கும்போது வந்த ஆள் அவ்வளவு இனிமை. டெமோ காட்ட வந்தவர் பெரியவர்களின் இதயத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர், எங்கள் 800 கிராம் குழந்தையைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். மிஷினுக்குள் இருந்த செட்டிங்கும் பெரியவர்களுக்கானது. நிமிடத்துக்கு 160 தடவை அடிக்கிற இதயத்துக்கு ஃபிரேம் ரேட் நன்றாக ஏற்ற வேண்டும், ஆழத்தை நாலைந்து சென்டிமீட்டருக்குக் குறைக்க வேண்டும், இதையெல்லாம் நாங்களே தட்டித் தடவி அமைத்து ஒரு 'குழந்தை' பட்டனாகச் சேமித்து வைத்தோம். முக்கியமாக, மிஷினோடு இலவசமாகத் தருகிறேன் என்கிற புரோப் பெரியவர்களுக்கானது, அதனால் நமக்குப் பிரயோஜனம் இல்லை. சின்ன முகம் உள்ள, 8 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிற ஃபேஸ்டு அரே புரோப் வேண்டும். அது தனி விலை, அந்த விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அந்தப் புரோபின் வயர் டிராலி சக்கரத்தில் மாட்டி நசுங்கியபோதுதான் சர்வீஸ் எப்படி என்று தெரிந்தது. ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்றால் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். உதிரிபாகமும் புரோபும் சேர வேண்டுமென்றால் சி.எம்.சி. (முழுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட வேண்டும், அதிலும் 'பிசிகல் டேமேஜ்' சேராது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். மாற்றுப் புரோப் இரவலாகக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டும் வந்தபாடில்லை, வாரக்கணக்கில் மறுபடியும் ராத்திரி ஒன்பது மணிக் கார்டியாலஜிஸ்ட்தான் கதி. இப்போது வயரைச் சுருட்டி மாட்ட டிராலியில் நாங்களே ஒரு கொக்கி வைத்திருக்கிறோம், முப்பது ரூபாய்க் கொக்கி.

அப்புறம் அரசாங்க வேலை. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தில் எல்லா அல்ட்ராசவுண்டு மிஷினும் வரும், பிறந்த குழந்தையின் இதயத்தை மட்டும் பார்ப்பதாக இருந்தாலும் சரி. மிஷின் வந்து இறங்குவதற்கு முன்பே பதிவு, யார் யார் பயன்படுத்துவார்கள் என்ற விவரம், சான்றிதழைச் சுவரில் மாட்டுவது எல்லாம் முடித்துவிடுங்கள். தூக்கிக்கொண்டு போக வசதியாக இருக்கிறதே என்று பக்கத்து நர்சிங் ஹோமுக்கு எடுத்துப் போவதெல்லாம் நினைத்தே பார்க்காதீர்கள், ஆஸ்பத்திரி வளாகத்தைத் தாண்டக் கூடாது.

குழந்தைக்கு ஆகும் தொந்தரவையும் சொல்ல வேண்டும். இன்குபேட்டர் கதவைத் திறந்து ஜில்லென்ற ஜெல்லை நெஞ்சில் வைத்தால் ஒரு கிலோ குழந்தை நடுங்கிப்போகும். எங்கள் சீனியர் சிஸ்டர் ஒருவர் இருக்கிறார், 'டாக்டர், ஜெல்லு சூடா?' என்று கேட்டு, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகுதான் புரோபை உள்ளே விடுவார். பத்து நிமிடம் ஆனால் 'போதும்' என்பார், யாராக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். புரோபை நெஞ்சில் அழுத்தினால் சாச்சுரேஷன் இறங்கும், அதற்காகவே சுண்டு விரலைக் குழந்தையின் தொடைப் பக்கம் மெத்தையில் ஊன்றிக்கொள்ளப் பழகினோம். ஜெல் விஷயத்தில் இன்னொன்று: அஞ்சு லிட்டர் கேனிலிருந்து பாட்டிலில் ஊற்றி ஊற்றி நிரப்புகிற பழக்கத்தை என்.ஐ.சி.யு-வில் விட்டுவிடுங்கள். அதில் பர்கோல்டேரியா கிருமி வளர்ந்து வார்டு முழுக்கப் பரவியதாக உலகத்தில் பல ஆஸ்பத்திரிகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். ஸ்டெரைல் சாஷே வாங்குங்கள், செலவு கூடத்தான்.

கார்டியாலஜிஸ்ட் இனி வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பிறவிக் கோளாறு இருக்கிறதா என்று முழுமையாகப் பார்ப்பது அவர் வேலை, முதல் எக்கோவை அவரே பார்க்க வேண்டும், முடியாவிட்டால் கிளிப்பையாவது பெயரை மறைத்து அனுப்பி அவர் சரி சொல்ல வேண்டும். நுரையீரல் அழுத்தம் அதிகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு சில சமயம் உண்மையில் நுரையீரல் சிரைகள் தப்பான இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும், அதை நம் பத்து நிமிடப் பார்வையில் பிடிப்பது கஷ்டம். அதே மாதிரி டக்டஸ் திறந்திருக்கும்வரை அயோர்டா குறுகியிருப்பது ஒளிந்துகொள்ளும். 2011-இல் அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இந்தப் பயிற்சியை எப்படிப் பெறுவது என்று விரிவாகவே சொல்கிறது, ஒரு வார இறுதி ஒர்க்‌ஷாப் சான்றிதழை வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம்.

பெற்றோரிடம் பேசுவதற்கும் மிஷின் உதவுகிறது, உபத்திரவமும் செய்கிறது. பழைய ரிப்போர்ட்டில் 'பி.எஃப்.ஓ.' என்று பார்த்துவிட்டு, 'டாக்டரம்மா, எம் பேத்திக்கு நெஞ்சுல ஓட்டையாமே?' என்று வாசலிலேயே அழுத பாட்டிகள் உண்டு. இத்தனை வாரத்திலேயே பிறந்த குழந்தைக்கு அந்த வழி திறந்திருப்பது இயல்பு என்று திரையைக் காட்டிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் தினமும் எக்கோ பார்த்தால் தினமும் 'இன்னிக்கு எத்தனை மில்லிமீட்டர்?' என்ற கேள்வி வரும், நேற்றைவிட 0.2 கூடினால் அந்த அம்மா ராத்திரி தூங்கமாட்டார். அதனால் நாங்கள் அளவைச் சொல்வதை நிறுத்திவிட்டோம், குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறோம்.

மார்க் போடச் சொன்னால் படத்தின் தரத்துக்கும் வேகத்துக்கும் ஐந்துக்கு நாலு. பேட்டரிக்கு மூன்று, கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை தாங்குகிறது. சர்வீஸுக்கு ஒன்றரை, அந்த அரை மார்க் போனை எடுத்துப் பதில் சொல்கிற பையனுக்காக.

கொட்டேஷன் வாங்கும்போது மிஷின் விலையில் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே பெரிதாக ஒன்றும் குறைக்கமாட்டார்கள். குழந்தைப் புரோப் விலைக்குள் அடங்குமா, ரிப்பேர் ஆகும் நாட்களில் மாற்றுப் புரோப் எத்தனை மணி நேரத்தில் வரும், குழந்தை எக்கோ தெரிந்த ஆள் பயிற்சிக்கு எத்தனை தடவை வருவார் என்று மூன்றையும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.